ஏழாயிரம் ரூபாய் கிட்டாரும் அப்பாவின் சால்டரிங் அயர்னும்

பாட்டு நின்ற பிறகும் அவன் கிட்டார் நிற்கவில்லை.

ஆனி மாதக் கடைசி. கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா. மெல்லிசைக் குழு மேடையேறி நான்காவது பாட்டு. பல்லவி தொடங்கும் முன் எல்லா வாத்தியமும் ஓய்ந்து, பாடகி மட்டும் ஒற்றைக் குரலில் ஒரு வரி பாட வேண்டிய இடம். அந்த அமைதியில் அவன் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து மட்டும் 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் அதே சத்தத்தை வாயால் போட்டுக் காட்டினான். அவன் கை கம்பியில் பட்டால் சத்தம் கொஞ்சம் குறையும், எடுத்தால் கூடும். வாசிக்க ஒன்றும் இல்லாத இடத்திலும் கம்பியை இறுக்கிப் பிடித்தபடியே அந்த ராத்திரியை ஓட்டினான்.

பெட்டிகளை வேனில் ஏற்றும்போது மணி இரண்டு. குழுத் தலைவர் பக்கத்தில் வந்து நின்றார். திட்டவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, நல்லா வாசிக்கிற. கிட்டாருதான் சரியில்ல. ஆடி மூணாவது வெள்ளி பெரிய புரோகிராம். அதுக்குள்ள ஒரு நல்ல கிட்டாரா வாங்கிக்க. இல்லன்னா அன்னிக்கு மட்டும் வேற ஆள வச்சி சமாளிச்சிக்கிறேன்."

'அன்னிக்கு மட்டும்' என்றால் என்ன அர்த்தம் என்பது மேடைக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு வருகிற ஆள் அடுத்த வாரமும் வருவார்.

*

கெடார், விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு போலீஸ் ஸ்டேஷன், சுற்றிலும் நெல்லும் கரும்பும். அவன் பகலில் விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். வயது 24. கிட்டார் ஆன்லைனில் வாங்கியது, ஏழாயிரத்துச் சொச்சம். பையும் பெல்ட்டும் ஒயரும் சேர்த்தே வந்தது. வந்த நாளில் வீடே சுற்றி நின்று பார்த்தது. பளபளவென்று சிவப்பு, வெள்ளைத் தகடு. ஆம்ப் மட்டும் புதுச்சேரியில் ஒருவரிடம் பழசாக வாங்கினான். ஒரு புரோகிராமுக்கு 1,200 ரூபாய் கிடைக்கும். ஆனால், பங்குனி, சித்திரை, ஆடி என்று திருவிழாக் காலத்தில்தான் மேடை. மற்ற மாதங்களில் கிட்டார் அலமாரிமேல் கிடக்கும்.

மறுநாள் மாலையே செல்போனில் ஒரு கிட்டாரைக் காட்டினான். 36,000 ரூபாய். மாதம் 2,350 வீதம் 18 தவணை.

அம்மா படத்தைப் பார்க்கவில்லை, கணக்கைத்தான் பார்த்தார். "பதினெட்டு மாசம். நீ மேடையேறுறது வருசத்துல எத்தினி மாசம்? ஆடி போனா அடுத்து எப்ப? அதுவரைக்கும் இத்த யாரு கட்றது?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இதே கடைத்தெருவில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வால்வு ரேடியோ பார்த்திருக்கிறார், டிரான்சிஸ்டர், டேப்ரெக்கார்டர், போர்ட்டபிள் டி.வி. எல்லாம் பார்த்திருக்கிறார். 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது கடையில் கூட்டம் தாங்கவில்லை. வீட்டுக்கு வீடு டி.வி. இருந்தால் வீட்டுக்கு வீடு ரிப்பேரும் இருக்குமே! பிறகு தட்டை டி.வி. வந்தது. பழுதானால் போர்டையே கழற்றிப் போட்டுவிட்டுப் புது போர்டு மாட்டுவார்கள். உள்ளே எந்தச் சாமான் போயிற்று என்று தேடுகிற வேலை அத்தோடு போயிற்று. கடையை மூடிவிட்டு ஓர் உரக்கடையில் கணக்கு எழுதப் போனார். ஒன்பது வருஷமாக சால்டரிங் அயர்னைத் தொடவில்லை. மகனையும் தொட விட்டதில்லை. சின்ன வயதில் அவன் கடைக்கு வந்து பெஞ்சில் ஏறினால் இறக்கிவிடுவார். "இந்தத் தொழில் உனக்கு வேணாம். போய்ப் படி."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்து முடித்ததும் அப்பா கேட்டார். "அத்த எடுத்துக்கினு வா."

"எத்தப்பா?"

"உர்ர்ருனு கத்துச்சாமே, அத்த."

*

அவன் கிட்டாரைக் கொண்டுவந்தான். அப்பா கிட்டாரைத் தொடவே இல்லை. ஆம்ப்பின் பிளக்கை எடுத்துப் பார்த்தார். மூன்று பின்னில் மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த். அது சுவரில் இருந்த எர்த் துளைக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துதான் இருந்தது. ஆனால், அந்தத் துளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஒரு ஹோல்டரில் பல்பு, இரண்டு ஒயர். இதுதான் அந்தக் காலத்து டெஸ்ட் லேம்ப். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், பல்பு எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், எரியவில்லை. (இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.) துவைக்கிற கல்லுக்குப் பின்னால் எர்த் பைப் புதைத்திருக்கும் இடத்துக்குப் போய்ச் செடியை விலக்கினால், கிளாம்ப்பில் இருந்து ஒயர் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. எத்தனை வருஷமாகவோ! வீட்டில் ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அன்றைக்குப் பாதி நாள் கிட்டார் வேலையே நடக்கவில்லை. மெயினை ஆஃப் செய்து, ஒயர் நுனியைச் சுரண்டி, புது நட்டும் போல்ட்டும் போட்டு முறுக்கி, பைப்பைச் சுற்றித் தோண்டி உப்பும் கரியும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். அப்புறம் டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. ஆம்ப்பைப் போட்டுக் கிட்டாரைச் சொருகினால், உர்ர் பாதியாகக் குறைந்திருந்தது. கிட்டாரில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல்!

மின்சாரக் கிட்டாரில் கம்பிகள் ஒயர் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். வாசிப்பவரின் உடம்பும் கம்பி வழியாக அதோடு சேர்கிறது. எர்த் சரியாக இருந்தால் இது பாதுகாப்பு. ஏதோ ஒரு கருவியில் எர்த் இல்லாமல் கசிவு இருந்தால் இதே விஷயம் ஆபத்து. ஒரு கை கம்பியில் இருக்க, உதடோ மறு கையோ மைக்கில் படும். 1972 மே 3 அன்று பிரிட்டனின் ஸ்வான்சி நகரத்து மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் இப்படித்தான் இறந்தார். கிட்டார் கையில் இருக்க, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டார். வயது 27தான். மைக் பக்கம் போகும்போது உதட்டில் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று அவனே நண்பர்களிடம் பலமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அப்பாவிடம் சொன்னதில்லை. அன்று சொன்னான். அப்பா ஒன்றும் பேசவில்லை. சுவரில் இருந்த மற்ற பிளக் பாயின்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார்.

*

அடுத்த ஞாயிறு கிட்டாரைத் திறந்தார்கள். கம்பிகளைத் தளர்த்தி, வெள்ளைத் தகட்டின் பதினோரு திருகாணிகளையும் எடுத்துத் தகட்டைப் புத்தகம் மாதிரித் திருப்பினால், அதன் முதுகில்தான் மொத்த மின் வேலையும். மூன்று பிக்கப், ஒரு வால்யூம், இரண்டு டோன், ஒரு சுவிட்ச், ஒரு கண்டென்சர்.

அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "அவ்ளோதானா? பாக்கெட் ரேடியோவுல இத்தவிட சாமான் அதிகம்."

அது ஒன்றும் ஆச்சரியம் இல்லை. இந்த வடிவக் கிட்டாரை உலகத்துக்குக் கொடுத்தவரே ஒரு ரேடியோ மெக்கானிக்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-ல், 600 டாலர் கடன் வாங்கி ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர் லியோ ஃபெண்டர். கணக்கு எழுதுகிற வேலை போய்தான் ரேடியோ ரிப்பேருக்கு வந்தார். கெடாரில் நடந்தது அப்படியே தலைகீழ். பாடகர்களின் ஆம்ப்ளிஃபையரை ரிப்பேர் செய்யப் போய், பிறகு தானே ஆம்ப்ளிஃபையரும் கிட்டாரும் செய்ய ஆரம்பித்தார். 1954-ல் அவர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர்தான் இன்று ஏழாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற பல கிட்டார்களுக்கும் அச்சு. லியோ ஃபெண்டருக்குக் கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால், பழுதானால் எப்படிக் கழற்றுவது என்று யோசித்துச் செய்தார். கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு திருகாணியில் மாட்டினார். மின் சாமான் எல்லாம் ஒரே தகட்டில். திருப்புளி ஒன்று இருந்தால் கழற்றிவிடலாம்.

அப்பாவின் மல்டிமீட்டர் ஊசி வைத்தது. ஒன்பது வருஷம் கழித்துப் புது பேட்டரி போட்டதும் ஊசி துள்ளியது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய ஒரு காயில். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், காயிலில் மின்சாரம் பிறக்கும். அதுதான் ஆம்ப்புக்குப் போகிறது. காயில் நல்லபடி இருந்தால் ஆறாயிரம் ஓம் வாக்கில் காட்ட வேண்டும். கழுத்துப் பக்கப் பிக்கப் காட்டியது. பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பும் காட்டியது. நடுவில் இருந்ததற்கு ஊசி அசையவே இல்லை.

"இது செத்துக் கெடக்குது" என்றார் அப்பா.

அவனுக்கு அதிர்ச்சி. வாங்கிய நாளிலிருந்தே சுவிட்ச் நடுவில் நின்றால் சத்தம் வராது. சுவிட்ச்தான் மட்டம் என்று நினைத்து அந்தப் பக்கம் போகாமலே வாசித்துக்கொண்டிருந்தான்.

மூன்று புதுப் பிக்கப் வாங்கலாம் என்று அவன் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருந்தான். பிக்கப், சாவிகள், ஸ்டீல் பிளாக் என்று மொத்தம் ஒன்பதாயிரம். வீடியோக்களில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சாமான் விற்றால்தான் அவர்களுக்கும் வரும்படி. அப்பா பட்டியலைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. செத்த பிக்கப்பைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

காயிலைச் சுற்றியிருந்த துணி டேப்பை உரித்தார். வெளிச்சுற்று முடிந்து, வெளி ஒயரோடு ஈயம் வைத்திருக்கும் இடத்தில் கம்பி அறுந்திருந்தது. நல்ல வேளை. உள்ளே எங்காவது அறுந்திருந்தால் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும், அது வீட்டில் ஆகிற காரியம் இல்லை. இங்கே அரைச் சுற்றுப் பிரித்து, நுனியை வெளியே கொண்டுவந்து, திரும்ப ஈயம் வைத்தால் போதும்.

போதும்தான். ஆனால், அந்தக் கம்பி ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு பருமன். மூச்சு விட்டால் ஆடுகிறது.

அம்மா செல்போன் டார்ச்சைப் பிடித்தார். அப்பா இடுக்கியில் நுனியைப் பிடித்தார். சால்டரிங் அயர்ன் சூடாகி, பேஸ்ட் வாசம் வந்தது. அந்த வாசத்துக்கு அவனுக்குச் சின்ன வயசு முழுக்க ஞாபகம் வந்தது. அப்பாவின் வலது கை நடுங்கியது. லேசாகத்தான். எப்போதிலிருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை, கவனித்ததில்லை. உரக்கடையில் பேனா பிடிக்க அந்த நடுக்கம் தடையாக இருந்திருக்காது. இங்கே அயர்ன் முனை கம்பியைத் தொட்டது, கம்பி அறுந்தது.

இன்னும் அரைச் சுற்றுப் பிரித்தார். திரும்பவும் அறுந்தது.

அம்மா, "விடுங்களேன், புதுசே வாங்கிக்கட்டும்" என்றார். அப்பா பதில் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது முறை நுனியைப் பிரித்துச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து இடுக்கியால் பிடித்தபடி, அயர்னை மகன் பக்கம் திருப்பி நீட்டினார்.

"நீ வை."

"எனக்குத் தெரியாதுப்பா."

"கம்பிமேல வக்காத. ஒயருமேல வை. ஒயரு சூடானா ஈயம் தானா இறங்கும், கம்பி அதுல முழுவிக்கும். மேல இருக்கிற எனாமலும் அந்தச் சூட்டுலயே எரிஞ்சிடும். ரெண்டு எண்ணு, எடுத்துடு. ஊதாத."

வைத்தான். ஈயம் மினுங்கியது, இறங்கியது. ஒன்று, இரண்டு, எடுத்தான். ஊதவில்லை. அப்பா இடுக்கியை விடாமலே இடது கையால் மல்டிமீட்டர் முனையைத் தள்ளினார். "தொட்டுப் பாரு."

ஊசி எழுந்து மற்ற இரண்டுக்கும் காட்டிய இடத்தில் போய் நின்றது.

*

பிக்கப்பைத் திரும்ப மாட்டிய பிறகு ஒரு விஷயம் நடந்தது. சுவிட்சில் ஐந்து நிலை உண்டு. இரண்டாவது நிலையில் முன் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேர்ந்து வேலை செய்யும். நான்காவதில் நடுவும் பின்னும். அந்த இரண்டு நிலையிலும் மிச்சமிருந்த உர்ர் சத்தம் கிட்டத்தட்ட காணாமல் போனது. ஒன்று, மூன்று, ஐந்தில் மறுபடி வந்தது.

அப்பா ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத் துண்டை எடுத்து ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் காட்டினார். முன்னதும் பின்னதும் இழுத்தன, நடு விலக்கியது. "வடக்கு தெற்கு மாத்தி வச்சிருக்கான். சுத்தும் மாத்திச் சுத்தியிருப்பான்" என்றார்.

சரியாகவே சொன்னார். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுவது. சுவரில் ஓடும் ஒயர், டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் சுற்றுப்புறத்தில் அந்தத் துடிப்பைப் பரப்புகின்றன. ஒற்றைக் காயில் பிக்கப் ஓர் ஆன்டெனா மாதிரி அதையும் வாங்கிக்கொள்ளும். இரண்டு காயிலை எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்தத்தையும் எதிரெதிராக வைத்தால், கம்பியின் ஓசை இரண்டிலும் ஒன்றாகக் கூடும், வெளியிலிருந்து வரும் உர்ர் மட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் என்ற பொறியாளர் இந்த உத்தியில் பிக்கப் செய்து 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைய மூன்று பிக்கப் கிட்டார்கள் பலவற்றில் நடுப் பிக்கப்பை மட்டும் மாற்றிச் சுற்றி அதே பலனை இரண்டு நிலைகளில் எடுக்கிறார்கள். அவன் கிட்டாரிலும் அது இருந்தது. சத்தத்தை அடக்குவதற்கென்று வைத்த பிக்கப்தான் செத்துக் கிடந்தது.

மற்ற மூன்று நிலைக்கு என்ன செய்வது? அதற்கு அவன் விழுப்புரத்தில் ரயிலேறி சென்னை எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனான். அப்பா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். 250 கே வால்யூம் கண்ட்ரோல் மூன்று, பெரிய சைஸ். 0.047 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்று. ஷீல்டு ஒயர் இரண்டு மீட்டர். செம்பு டேப் ஒரு ரோல். சீட்டை வாங்கிப் பார்த்த கடைக்காரர், "யாரு தம்பி எழுதனது? பழைய ஆளா இருக்காரு" என்றாராம். ஊருக்கு வந்து அவன் அப்பாவிடம் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

கிட்டார் மரத்தில் குடைந்திருக்கும் குழி முழுவதும் செம்பு டேப்பை ஒட்டி, அதிலிருந்து ஓர் ஒயரை எர்த்தோடு சேர்த்தார்கள். வெளிச் சத்தம் உள்ளே போகாமல் தடுக்கும் தகரப் பெட்டி மாதிரி இது. இதனால் உர்ர் முழுசாகப் போகாது, கரகரப்பு போகும். போனது. பழைய வால்யூம் கண்ட்ரோல் பொடி சைஸ், திருகினால் ஒரு இடத்தில் ஒன்றுமே இருக்காது, அடுத்த இடத்தில் கத்தும். புதியதை மாட்டத் தகட்டுத் துளை பத்தவில்லை, வட்ட அரத்தால் பெரிதாக்க வேண்டியிருந்தது. கண்ட்ரோலின் முதுகில் எர்த் ஒயர் பிடிக்க, முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். இந்தமுறை ஈயம் முழுக்க அவன்தான் வைத்தான். இரண்டு இடத்தில் ஈயம் மங்கலாக, உருண்டையாக நின்றது. அப்பா விரலால் சுண்டிக் காட்டினார். "டிரை சால்டர். மேடையில ஆடும்போது புட்டுக்கும். மறுபடி வை."

*

அப்பாவுக்குத் தெரியாத வேலையும் இருந்தது. கம்பி, கழுத்து, மரம்.

கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் ஆறும் உட்காரும் சின்னப் பட்டைக்கு 'நட்' என்று பெயர். மலிவான கிட்டாரில் அது பிளாஸ்டிக். அதன் பள்ளங்கள் ஆழம் போதாமல் கம்பி உயரத்தில் நின்றால், முதல் இரண்டு ஃப்ரெட்டில் விரலை அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். பள்ளம் கம்பியைக் கவ்விப் பிடித்தால், டியூன் செய்தது பாட்டு நடுவில் 'டிக்' என்று கழன்றுவிடும். இதை எல்லோரும் சாவியின் குற்றம் என்று நினைத்துப் புதுச் சாவி வாங்குகிறார்கள். அவன் பட்டியலிலும் சாவிக்குத்தான் அதிகப் பணம் ஒதுக்கியிருந்தான். கடைசியில் சாவி எதையும் மாற்றவில்லை. 180 ரூபாய்க்கு எலும்பில் செய்த நட் ஒன்று வாங்கினான்.

பள்ளம் அறுக்க விசேஷ அரம் உண்டு, விலை அதிகம். ஹார்டுவேர் கடையில் கேஸ் வெல்டிங் நாசிலைச் சுத்தம் செய்ய விற்கும் மெல்லிய கம்பி அரங்கள் 120 ரூபாய். அதில் தேய்த்தான். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால், முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். ஐந்து கம்பிக்குச் சரியாக வந்தது. ஆறாவதில் ராத்திரி பதினோரு மணிக்கு அவசரப்பட்டு இரண்டு இழுப்பு அதிகம் இழுத்துவிட்டான். கம்பி ஃப்ரெட்டில் படிந்து ஜிர்ர் என்றது. எலும்புத் தூளைப் பள்ளத்தில் போட்டு ஃபெவிக்விக் சொட்டு விட்டு அடைத்துப் பார்த்தான், மறுநாள் பெயர்ந்தது. இன்னொரு நட் வாங்கினான். இரண்டாவதை மூன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டு செய்தான். பள்ளங்களில் பென்சில் கரியைத் தடவினான், கம்பி வழுக்கிப் போவதற்கு.

கோடையில் மரம் காய்ந்து சுருங்கும். உலோகம் சுருங்காது. அதனால் ஃப்ரெட்டுகளின் நுனி கழுத்தின் ஓரத்தில் முள் மாதிரி நீட்டிக்கொண்டு இடது கையைக் கீறும். அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு அவன் ஆள்காட்டி விரல் பக்கம் எப்போதும் இரண்டு கீறல் இருந்தது அதனால்தான். மரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுச் சின்ன அரத்தால் நாற்பத்துச் சொச்சம் நுனிகளையும் மழுக்கினான். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கால் திருப்பு திருப்பினான். ஒரே நாளில் அதற்குமேல் திருப்பக் கூடாது, மரம் மெதுவாகத்தான் வழிக்கு வரும்.

பக்கத்து வீட்டு நண்பன் வந்து பார்த்துவிட்டு, "ஏழாயிரம் ரூபா கிட்டாருக்கு இவ்ளோ வேலையாடா?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால், வந்தபடியே வாத்தியத்தை ஏற்றுக்கொள்ளாதவர்கள் பட்டியல் பெரிது. யு.ஸ்ரீநிவாஸ், இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி உள்ள மேற்கத்திய மாண்டலினை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. கர்னாடக சங்கீதத்துக்கு ஏற்றபடி ஒற்றைக் கம்பிகளாக ஐந்து வைத்த மின் மாண்டலினில் வாசித்தார். குயீன் குழுவின் பிரையன் மேவிடம் நல்ல கிட்டார் வாங்கக் காசில்லை. 1963-ல் அவரும், மின்னணுப் பொறியாளரான அவர் அப்பா ஹெரால்டும் சேர்ந்து வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், பிரிட்ஜுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், கழுத்தில் பதித்த வெள்ளைப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துப் பொத்தான். உலகத்தின் பெரிய மேடைகளில் எல்லாம் அதையே வாசித்தார்.

கடைசி வேலை பிரிட்ஜில். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அங்கே அழுத்தி வாசித்தால் திறந்த கம்பியின் மேல் ஸ்தாயி அப்படியே வர வேண்டும். சுருதி ஏறி வந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் இரும்புத் துண்டைத் திருகாணியால் பின்னுக்குத் தள்ள வேண்டும், இறங்கி வந்தால் முன்னுக்கு. செல்போனில் டியூனர் ஆப் வைத்துக்கொண்டு ஆறு கம்பிக்கும் பார்த்தான். அம்மா அடுப்படியிலிருந்து, "ஒரே சத்தத்தயே போட்டுக்கினு இருக்கியே, பாட்டு எப்ப வரும்?" என்றார்.

செலவு: செம்பு டேப் 260, வால்யூம் கண்ட்ரோல் மூன்று 270, கண்டென்சர் 10, ஷீல்டு ஒயர் 60, ஒயர் சொருகும் ஜாக் 80, எலும்பு நட் இரண்டு 360, அரம் 120, புதுக் கம்பி ஒரு செட் 450. மொத்தம் 1,610 ரூபாய், ரயில் செலவு போக. அப்பாதான் உரக்கடை நோட்டு மாதிரி கோடு போட்டு எழுதி வைத்தார். அந்தத் தாள் இன்னும் கிட்டார் பைக்குள் இருக்கிறது.

இதனால் அந்தக் கிட்டார் முப்பத்தாறாயிரம் ரூபாய் கிட்டாராகிவிட்டது என்று சொன்னால் பொய். மரம் அதே லேசான மரம்தான். பிரிட்ஜின் கைப்பிடியை ஆட்டினால் இன்றும் சுருதி இறங்கும், அதனால் அவன் அதைக் கழற்றியே வைத்துவிட்டான். சாவி ஒன்று கொஞ்சம் ஆடுகிறது.

*

ஆடி மூன்றாம் வெள்ளி. சாயங்காலம் நாலு மணிக்கே வேன் போய்விட்டது. அப்பா பிறகு டி.வி.எஸ். எக்ஸ்.எல்-லில் தனியாக வந்தார். அவன் மேடை ஏறுவதைப் பார்க்க அவர் வந்தது அதுதான் முதல்முறை. கூப்பிட்டதற்கு, "பாக்கலாம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

சவுண்ட் செக். குழுத் தலைவர் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து கை காட்டினார். அவன் ஒயரைச் சொருகி, சுவிட்சை இரண்டாவது நிலையில் வைத்து, வால்யூமை ஏற்றினான். ஒன்றும் கேட்கவில்லை. தலைவர், "தம்பி, போடு" என்றார்.

"போட்டுட்டேண்ணே."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அவன் ஒரு கம்பியைத் தட்டினான். மைதானத்தின் கடைசி ஸ்பீக்கர் வரை போய் வந்தது. தலைவர் கிட்டாரைப் பார்த்தார், அதே சிவப்பு, அதே வெள்ளைத் தகடு. புருவத்தைத் தூக்கினார். பிறகு டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பி, "அடுத்து நீ" என்றார்.

அவன் கூட்டத்தில் அப்பாவைத் தேடினான். நாற்காலிகளில் இல்லை, கடலைக்காரர் பக்கத்தில் இல்லை. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். டார்ச் அடித்துத் தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எர்த் ராடு எங்கப்பா?"

"வண்டியிலதான் சார் இருக்குது. சும்மா ஒரு ராத்திரிக்குத்தான..."

"எடுத்து அடி. நானும் பிடிக்கிறேன். தண்ணி எங்க இருக்குது?"